டி.வி.யைத் திட்டினால் போதாது, எழுத வேண்டும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்திகூடப் பார்க்க முடியவில்லை. இதைக் கேட்க அரசாங்கத்தில் ஆளே இல்லையா?" என்று கேட்டார்கள். ஆளும் உண்டு, சட்டமும் உண்டு.

1995-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் அதன் விதிகளும்தான் அது. நிகழ்ச்சிக்கு ஆறாவது விதி, விளம்பரத்துக்கு ஏழாவது விதி. ஆபாசம் கூடாது, எந்த மதத்தையும் சமூகத்தையும் இழிவுபடுத்தக் கூடாது, பிள்ளைகளுக்கு ஒவ்வாததை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் போடக் கூடாது. மது, சிகரெட், புகையிலை விளம்பரம் கூடவே கூடாது. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இன்று இரவு கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள்! மது விளம்பரத்தைத் தடுத்ததும் அதே பெயரில் சோடா வந்தது. பாட்டில் வரவில்லை, பெயர் வீட்டுக்குள் வந்துவிட்டது.

2021-இல் புகாருக்கு மூன்று படிகள் வகுத்தார்கள். முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். அதற்கும் மேலே மத்திய அரசு. உள்ளூர் கேபிள் சேனல் என்றால் கலெக்டருக்கே அதிகாரம் உண்டு.

நான் எழுதித் தோற்றவன். "உங்கள் சேனலில் ஆபாசம் அதிகம்" என்று ஆவேசமாக இரண்டு பக்கம் எழுதினேன். எந்த நிகழ்ச்சி, என்ன தேதி, எத்தனை மணிக்கு என்று மூன்று வரியில் திருப்பிக் கேட்டார்கள். என் கையில் ஒரு குறிப்பும் இல்லை.

குறிப்போடு போனவர்கள் வென்றதும் உண்டு. 2020-இல் கொரோனாவைத் தப்லீக் ஜமாஅத்தின் தலையில் கட்டினார்கள். தொப்பியோடு கடைக்குப் போகவே நம் பிள்ளைகள் தயங்கிய நாட்கள் அவை. அப்போது சிலர் இன்னின்ன நிகழ்ச்சி என்று குறித்துப் புகார் கொடுத்தார்கள். செய்திச் சேனல்களின் சுய கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஜூனில் ஒரு கன்னடச் சேனலுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பட்ட அவமானத்துக்கு அது சிறு தொகைதான். ஆனாலும், செய்தது தவறு என்று எழுத்தில் வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அந்தச் சேனலையே மூடச் சொல்லுங்கள்" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெல்லிக் கலவரச் செய்திக்காக 2020 மார்ச்சில் மீடியா ஒன், ஏஷியாநெட் நியூஸ் ஆகிய இரண்டு மலையாளச் சேனல்களை 48 மணி நேரம் நிறுத்த உத்தரவிட்டதும் இதே விதிகளின்படிதான். மறுநாளே விலக்கிக்கொண்டார்கள். 2022-இல் மீடியா ஒன்னுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது. மூடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. திருத்தம் கேளுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், அந்தக் காட்சியை நீக்கச் சொல்லுங்கள்.

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். சேனல், நிகழ்ச்சி, தேதி, நேரம், காதில் விழுந்த சொல், இவ்வளவும் எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் அலுவலகத்தில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் அவர்களே எழுதித் தருவார்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையது.