ஆய்வும் வைத்தியம்தான்

சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் சுகாதாரத் துறைக்கு மாறி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. அங்கே ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு, மருந்துக்கும் படுக்கைக்கும் செலவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைப் பாருங்கள். சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் ஓய்வும் சத்துணவும் இருந்தால்தான் காசநோய் தீரும் என்று நம்பிய காலம் அது. நெருக்கடியான வீட்டில், அரை வயிற்றுச் சாப்பாட்டோடு இருந்த ஏழைகளும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஏறக்குறைய அதே அளவு தேறுகிறார்கள், வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. படுக்கை கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு எத்தனை கட்டடம் எழுப்பியிருந்தாலும் இந்த உதவி கிடைத்திருக்காது.

அந்தச் சென்னை ஆய்வுக்கு உலக சுகாதார நிறுவனமே துணை நின்றதே, சிதம்பரத்தால் முடியுமா என்கிறீர்களா? கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன: வெள்ளம் வடிந்தபின் வரும் காய்ச்சல், வயலில் பாம்புக்கடி, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளை ஒட்டி வாழ்வோரின் மூச்சுக்கோளாறு. இவற்றுக்கு முதல் தேவை விலையுயர்ந்த கருவியல்ல. ஒழுங்கான நோயாளிப் பதிவேடும், மருத்துவ ஆசிரியருக்கு ஆய்வுக்கென ஒதுக்கிய நேரமும்தான். அரசு அவ்விரண்டையும் இந்த ஆண்டே தர வேண்டும்.