முறையிடும் குரலுக்கு எழுதும் கை வேண்டும்

 



யமன் நாட்டின் ஸபீதிலிருந்து வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குடன் வந்தார். ஊர்ப் பெரும்புள்ளியான ஆஸ் பின் வாயில் அதை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்துவிட்டார். பரிந்து பேச வணிகருக்கு அங்கே குலத்தாரும் இல்லை; உறவினரும் இல்லை. அவர் உரத்த குரலில் ஊரார் முன் முறையிட்டார். அக்குரலைக் கேட்டவர்கள் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்போம் என்று உறுதி பூண்டனர். அதுவே ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கை. நபித்துவத்திற்கு முன்பே நபிகளார் அதில் பங்கு கொண்டார்கள். பிற்காலத்திலும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள்.

மாமல்லபுரத்தில் எழுந்த குரல்

அத்தகைய ஒரு குரல் நம் கடற்கரையிலும் எழுந்தது. 2021 அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து உண்ணத் தம்மை விடவில்லை என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர் துணிந்து பேசினார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. அக்டோபர் 29 அன்று அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரருகே அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார்.

ஒரு பெண்ணின் துணிவு என்ன செய்யும் என்பதற்கு இது சான்று. ஆயினும் சிந்தியுங்கள்! காணொளி பரவியதால் நீதி வந்தது. பரவாத குரல்கள் எத்தனை? அவற்றுக்குச் சட்டம் ஒரு வழியை வைத்திருக்கிறது. அவ்வழி அறியாததாலேயே பலர் வாய்மூடிப் போகின்றனர்.

இன்னொரு சமயத்தாரைக் குறைகூற இதை நாம் எடுத்துரைக்கவில்லை. செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தே மிகக் கெட்ட உணவு என எச்சரித்த மார்க்கம் நம்முடையது. நம் மண்டப வாசலில் தட்டேந்தி நிற்பவரை நாம் எங்கே அமர்த்துகிறோம்? முதலில் இக்கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

நமது அரசியலமைப்பின் 15-வது பிரிவு சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் என்பவற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றை அக்காரணங்களுக்காக எவருக்கும் மறுத்தல் கூடாது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. இப்பட்டியல்களில் சேராத ஒருவர் பொது இடத்தையோ வழிபாட்டுத் தலத்தையோ அவர்கள் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இருளர் முன்பே பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். நரிக்குறவரோ 2021-இல் அப்பட்டியலில் இல்லை. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அவர்களைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. அன்று பந்தியில் மறுக்கப்பட்டவருக்கு இல்லாத சட்டப் பாதுகாப்பு இன்று அவர் சமூகத்திற்கு இருக்கிறது.

எப்படி முறையிடுவது?

முதலாவதாக, நடந்ததை அன்றே எழுதி வையுங்கள். நாள், நேரம், இடம், செய்தவர் யார், சொன்ன சொற்கள் எவை, கண்டவர் யார் என்பன அனைத்தும் அதில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழின் நகலை இணைத்து, இரு படிகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, காவல் நிலையத்தில் மனுவைக் கொடுத்து ஏற்புச் சான்று பெறுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்வூரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் அதைப் பதிய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும். அதிகாரி அதை எழுதிப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும். வன்கொடுமைப் புகாரைப் பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்பது 2018-ஆம் ஆண்டுத் திருத்தம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே அதை விசாரிக்க வேண்டும்.

மூன்றாவதாக, பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் மனு அளிக்கலாம். வன்கொடுமை பற்றிய உதவிக்கு 14566 என்ற எண் உள்ளது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

நமக்கு நேர்ந்தால்?

முஸ்லிம் என்பதற்காக மட்டும் ஒருவர் இழிவுபடுத்தப்பட்டால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. அரசு ஊழியர் உரிமையை மீறினால், ஓராண்டுக்குள் மாநில மனித உரிமைகள் ஆணையத்திடம் முறையிடலாம். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்தையும் அணுகலாம். வாடகை வீடு மறுக்கப்படும் வேதனை நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் 15-வது பிரிவு எண்ணிச் சொல்லும் இடங்களில் தனியார் வீடு இல்லை. உள்ளதை உள்ளபடி அறிவதே வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

முறையிடுவது பொறுமைக்கு மாறானதா?

“பொறுத்துப் போ” என்று நம் வீடுகளில் சொல்கிறோம். கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) என்ற பெண்மணி, தம் கணவர் இழைத்த அநீதியை நபிகளாரிடம் வாதாடி முறையிட்டார். அல்லாஹ் அம்முறையீட்டைச் செவியேற்று வசனங்களை இறக்கினான். திருக்குர்ஆனின் 58-வது அத்தியாயத்திற்கு ‘அல்முஜாதலா’ என்ற பெயர் வந்தது அவர் வாதத்தினாலேயே. அவரைப் பொறுமையற்றவர் என்று யார் சொல்வார்?

ஆகவே சகோதரர்களே! நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலையேனும், மனு எழுதத் தெரியாத இருளருக்கும் நரிக்குறவருக்கும் நம் தெரு ஏழைக்கும் அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். காவல் நிலைய வாசல் வரை உடன் செல்லட்டும். பொய்யாக எவர்மீதும் ஒரு வரி எழுதிவிடாமல் இறைவனை அஞ்சட்டும். நபிகளார் பெருமையுடன் நினைவுகூர்ந்த உடன்படிக்கையில் நாமும் கைசேர்ப்பது அப்போதுதான்.

அநீதிக்கு ஆளானோரின் குரலுக்குச் செவி கொடுப்போராகவும், நம் கையால் எவருக்கும் அநீதி நேராதபடி காத்துக்கொள்வோராகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.