உழவு இயந்திரத்தின் சுக்கான்

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறிய, சாம்பல் நிறப் பேர்குசன் உழவு இயந்திரங்கள் செய்யப்பட்டன. அவற்றுட் சில இன்றும் உழைக்கின்றன.

நேயர்களே, பழைய இயந்திரத்தில் எஞ்சின் இரைந்தால் உடையவர் உடனே கவனிப்பார். சுக்கான் தளர்ந்தாலோ, கை பழகிவிட்டதென்று விட்டுவிடுவார். அப்பழக்கமே ஆபத்து. வயலில் ஒரு சாண் விலகினால் சால் கோணும். நெல்மூட்டை ஏற்றிய பெட்டியோடு வீதியில் விலகினால் உயிர் போகும்.

தேய்வு எங்கேயென்று முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் சுக்கானை இருபுறமும் சிறிதே அசைக்க, மற்றவர் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாத மூட்டே தேய்ந்த மூட்டு. பின்னர் முன்னச்சை உயர்த்தி, உறுதியான தாங்கியில் இருத்தி, சக்கரத்தைப் பற்றி அசைத்தால் புஷ், பெயரிங் ஆகியவற்றின் தளர்வும் புலப்படும்.

இவ்வியந்திரத்தில் சுக்கான் பெட்டியின் இருபுறமிருந்தும் இரு தண்டுகள் முன்சக்கரங்களுக்குத் தனித்தனியே செல்கின்றன. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் சக்கரங்கள் இணங்கா. ரயரும் விரைவில் தேயும். தேய்ந்த குண்டு மூட்டை ஒட்டுவேலை செய்து ஓட்டலாகாது. புதியது பூட்டி, நட்டைக் காக்கும் பிளவு ஊசியையும் புதிதாக இடவேண்டும். புஷ் தேய்ந்திருப்பின் வெண்கலத்திற் கடைந்து போடலாம்.

பெட்டியை இறுதியிலேயே தொடவேண்டும். பற்கள் நடுவிலேதான் மிகத் தேய்கின்றன. அங்கே தளர்வு நீங்கும்வரை இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது சுக்கான் சிக்கிக்கொள்ளும்.

சேறும் கிறீஸின்மையுமே இத்தேய்வுக்கு மூலம். சேற்றைக் கழுவி, காலந்தவறாது கிறீஸ் இடுபவர் பணத்தை மட்டுமன்று, வீதியிற் செல்லும் பிறர் உயிரையும் காக்கின்றார்.