கைநீட்டாத கவர்னர்

கோலா தெர்லா மலையில் கொழுந்து பறித்தவர்களின் வாரிசுகள் அறிய வேண்டிய ஒருவர், அயர்லாந்துப் பிரபு ஜார்ஜ் மெக்கார்ட்னி. அவர் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியவர்.

அதற்கு முன், 1781இல் அவர் சென்னை கவர்னரானார். ஹைதர் அலியோடு போர், ஊரெங்கும் பஞ்சம். அந்த நேரத்திலும் கம்பெனி அதிகாரிகள் பலர் ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தும் அன்பளிப்பு வாங்கியும் செல்வந்தரானார்கள். மெக்கார்ட்னி மட்டும் கைநீட்டவில்லை.

கண்டிப்புக்கு விலையும் கொடுத்தார். அவர் பதவி நீக்கிய தளபதி ஸ்டூவர்ட் 1786இல் லண்டனில் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்துச் சுட்டார். மெக்கார்ட்னி காயத்தோடு தப்பினார்.

1793இல் சீனப் பேரரசரிடம் தூது சென்றார். கேட்ட வணிகச் சலுகை கிடைக்கவில்லை. செடிகள் மட்டும் கிடைத்தன.

பஞ்ச காலத்துப் பதவியிலும் கை சுத்தமாக இருந்தார் என்ற பெயர் 200 ஆண்டு கடந்தும் நிற்கிறது. பொறுப்பில் அமர்வோருக்கு இதைவிடச் சொத்து வேறென்ன வேண்டும்?