எட்டு மணி வகுப்பு
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1963-ல் வாஷிங்டன் பேச்சு, 1964-ல் நோபல் பரிசு, 1968 ஏப்ரல் 4-ல் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காகப் போன மெம்ஃபிஸ் நகரில் துப்பாக்கிக் குண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் ஆரம்பத்துக்குப் போகிறேன். ஏன்னா, அதில் ஒரு கல்லூரி வருகிறது.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரம். பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண்மணியைக் கைது செய்தார்கள். செய்தி அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் அம்மையாருக்கு எட்டியது. கறுப்பின மாணவர்கள் படித்த அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர் அவர். 1949-ல், காலியாகக் கிடந்த பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்ததற்காக டிரைவர் போட்ட கூச்சலில் அழுதுகொண்டே இறங்கியவரும்கூட.

நடுராத்திரி கல்லூரிக்குப் போனார். வணிகவியல் துறைத் தலைவர் துணைக்கு வந்தார், கூடவே நம்பிக்கையான இரண்டு மாணவர்கள். 'திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம்' என்று ஸ்டென்சில் தயார் செய்து, பல்லாயிரம் நோட்டீஸ் ஓட்டி முடிக்கும்போது விடியற்காலை நாலு மணி. எட்டு மணிக்கு அம்மையாருக்கு வகுப்பு! அதை எடுத்து முடித்துவிட்டுத்தான் நோட்டீஸ் கொடுக்கக் கிளம்பினார். (இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்ததற்கே முதல் வகுப்பைக் கட் அடித்தவர்கள் நாம்.)

அப்போது கிங்குக்கு வயது 26. அந்த ஊருக்கு வந்தே ஓராண்டுச் சொச்சம்தான். திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடிய பிறகு, அன்று பிற்பகல்தான் அவரைத் தலைவராக்கினார்கள். மாலைக் கூட்டத்துக்குப் பேச்சைத் தயாரிக்க அரைமணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் என்று ஆரம்பித்தது 381 நாள் நீடித்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். ராபின்சனும் ஓட்டினார். 1956 ஜனவரி 30 இரவு கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். நல்லவேளை, காயமில்லை. கோபத்தோடு ஆயுதம் ஏந்தி வந்த ஜனங்களிடம், ஆயுதத்தை வீட்டில் வைத்துவிடுங்கள், அமைதியாகத் திரும்பிப் போங்கள் என்றார். நாம் மேடையில் சுலபமாகச் சொல்லும் அகிம்சை, அந்த வாசலில் நின்றவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க.

நீதிமன்றத்தில் வழக்காடிய நான்கு பேரும் பெண்கள். ஒருத்தி கைதானபோது 15 வயதுப் பள்ளி மாணவி. உச்ச நீதிமன்றம் 1956 நவம்பரில் அவர்கள் பக்கம் நின்றது. டிசம்பர் 21-ல் கிங் பஸ் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தார். ராபின்சனுக்கு என்ன கிடைத்தது? 1960-ல் மாணவர்கள் மறியலில் இறங்கினார்கள். மாநில அரசின் கண் ஆசிரியர்கள் மேல் விழுந்தது. அவர் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று.

இதை நான் ஏன் தேடிப் படித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணியாளருக்குத் தனி டம்ளர். அதை நிறுத்தச் சொல்லி என்னோடு வேலை பார்த்தவர் ஒரு மனு எழுதிக் கொண்டுவந்தார். 'புள்ளகுட்டிக்காரன்பா, என்னை விட்டுடு' என்றேன். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். டம்ளர் மாறியது. மனு எழுதியவரையும் மாற்றினார்கள், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

அவரும் இந்தக் கல்லூரி மாணவர்தான். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அவருக்கு இங்கிருந்தே ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.