ஆட்டத்தை ஆக்கும் கல்வி



வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் பரமபதம் ஆடுவது திருவரங்கத்து வீடுகளில் நெடுங்கால வழக்கம். தாயக்கட்டை உருளும், காய் ஏணியில் ஏறும், பாம்பில் இறங்கும். அந்த அட்டையை வகுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஆயினும், எத்தனை பாம்புகள் வேண்டும், பரமபதத்துக்கு மிக அருகே ஒரு பெரும்பாம்பை வைத்தால் ஆடுவோர் மனம் என்ன பாடுபடும் என்றெல்லாம் யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும். அவ்வாறு எண்ணிப் பார்ப்பது இன்று பல்கலைக் கழகங்களில் ஒரு பாடமாகியிருக்கிறது. கணினி விளையாட்டு ஆக்கம் என்பது அதன் பெயர். ஒரு பட்டம் பெற்ற பின்னர் அதனைக் கற்கலாமா என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லம் வந்தார். மகள் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறியவள். (இயற்பியல் என்பீர்கள், என் நாவில் பழைய சொல்லே முந்துகிறது.) "சார், மூன்று வருஷம் படித்ததை விட்டுவிட்டு விளையாட்டைப் படிக்கப் போகிறேன் என்கிறாள். நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார் தந்தை. அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. வீட்டின்மேல் கடன் உண்டு. இளைய மகனும் கல்லூரி வாயிலில் நிற்கிறான்.

அவருக்கு நான் நம் ஊர்ச் செய்தியொன்றைக் கூறினேன். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1954இல் பட்டம் பெற்ற அப்துல் கலாம், அதன் பின்னரே தமக்குரிய துறை பொறியியல் என்று உணர்ந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் குரோம்பேட்டையில் சி. இராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி., பி.எஸ்ஸி. தேறியவர்களையே சேர்த்துக்கொண்டு மூன்றாண்டுகள் பொறியியல் கற்பித்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1000 ரூபாய் வேண்டியிருந்தது. தமக்கையார் ஜொஹரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும் இதே வழியில் சென்றவர்: வளனார் கல்லூரியில் பௌதிகம், பிறகு குரோம்பேட்டையில் மின்னணுவியல். ஒரு பட்டத்தின்மேல் இன்னொரு படிப்பை ஏற்றுவது நம் ஊருக்குப் புதிதன்று. ஆசிரியப் பயிற்சியும் அத்தகையதுதானே!

"அது பொறியியல், சார்; இது விளையாட்டு" என்றார் அவர். மகளோ, பந்து ஒன்று விழுவதைத் திரையில் எவ்வாறு காட்டுவது என்று தாளில் எழுதிக் காட்டினாள்.

கணினி பெரும்பாலும் ஒரு நொடியில் 60 படங்கள் வரைகிறது. படத்துக்குப் படம் பந்தின் வேகத்தோடு 9.8ஐ 60ஆல் வகுத்த ஈவை, அஃதாவது ஏறத்தாழ 0.16ஐக் கூட்ட வேண்டும். அவ்வேகத்தை மீண்டும் 60ஆல் வகுத்தால் எவ்வளவு தூரம் கீழே நகர்த்துவது என்பது கிடைக்கும். தேர்வுக்காக நீங்கள் நெட்டுருச் செய்த புவியீர்ப்பு முடுக்கம் அங்கே உயிரோடு நிற்கிறது. தரையில் மோதினால் வேகத்தின் திசையைத் திருப்பி, அளவைச் சற்றே குறைக்க வேண்டும். சாய்ந்த சுவரில் மோதினால் திசையன் கணிதம் வேண்டும். இத்தனையும் 17 மில்லி நொடிக்குள் முடிதல் வேண்டும். முடியாவிடில் படம் தயங்கித் தயங்கி நகரும். தாளை வாங்கிப் பார்த்த தந்தை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

வரலாறும் அவள் பக்கமே பேசுகிறது. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், காண வருவோரை மகிழ்விக்க அலைகாட்டித் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்த ஹிகின்பாதம் ஒரு பௌதிக அறிஞரே. பெயர் சென்னைப் புத்தகக் கடையை நினைவூட்டுகிறது, அன்றோ? நம் காலத்தில் ஜெனோவா சென் என்பவர் ஷாங்காயில் கணினி அறிவியற் பட்டம் பெற்று, பின்னர்த் தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தில் இத்துறையை மேற்படிப்பாகக் கற்றார். அவர் குழுவினர் 2012இல் வெளியிட்ட 'ஜர்னி'யில் பாலைநிலத்தைக் கடந்து மலையொன்றை நோக்கி நடப்பதே ஆட்டம். துப்பாக்கி கிடையாது, வழித்துணையாக வருபவரோடு பேசவும் இயலாது.

நமக்கு இன்னும் நெருங்கியது 'வெண்பா'. டொரன்டோவில் 'விசை' என்னும் தமிழ்ப் பெயர் பூண்ட சிறு நிறுவனம் 2023இல் அதனை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி முதலியவற்றைச் சமைக்கிறாள். அழிந்த வரிகளை ஆடுவோர் ஊகித்து நிரப்ப வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா முதற்படைப்பு விருது அதற்குக் கிடைத்தது.

இனிக் கசப்பான பகுதி. 2023, 2024 ஆண்டுகளில் இத்தொழிலில் உலகெங்கும் பல்லாயிரவர் வேலையிழந்தனர். வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் குறுகிய காலப் பயிற்சிகளை நம்பிப் பெருந்தொகை கட்டுவது எனக்கு உடன்பாடன்று. பெற்றோர் சிலர் இதனைச் சூதாட்டத்தோடு சேர்த்து அஞ்சுகின்றனர். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025இல் சட்டமியற்றித் தடை செய்தது. ஆக்கக் கல்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கற்குமிடங்கள் சில உண்டு. தேசிய வடிவமைப்புக் கழகத்தின் பெங்களூரு வளாகத்தில் கணினி விளையாட்டு வடிவமைப்பு முதுகலைப் படிப்பாக இருக்கிறது. நுழைவுத் தேர்வு இரு கட்டங்களாக நடைபெறும். வீட்டை விட்டு விலக இயலாதோர்க்கு, 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றிய திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் எம்.சி.ஏ. உண்டு. அதற்கு நிம்செட் தேர்வு எழுத வேண்டும். கணிதம் பயின்றிருத்தலும் வேண்டும். அது விளையாட்டுப் படிப்பன்று. ஆனால் நிரலெழுதும் பயிற்சியை நன்கு தரும், வேறு வேலைக்கும் வழி திறக்கும். கடன் சுமக்கும் குடும்பத்துக்கு நான் இதனையே முதலிற் சொல்வேன்.

ஆனால் வளையல் அடகுக்குப் போகுமுன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. உண்பதில் விருப்பமுள்ளோர் எல்லாரும் சமையற்கட்டில் நிற்க விரும்புவதில்லை. கோடோ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. எளிய கணினியிலும் இயங்கும். அதில் முதலில் பரமபதத்தை ஆக்கிப் பாருங்கள். கட்டங்களின் எண்கள், தாயக்கட்டைக்குத் தற்செயல் எண், பாம்புக்கும் ஏணிக்கும் ஓர் அட்டவணை. சில நாட்களில் முடிந்துவிடும். ஏனெனில் அவ்வாட்டத்தில் ஆடுபவர் தீர்மானிப்பது ஒன்றுமில்லை. எல்லாம் கட்டையின் செயல்.

அடுத்து ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புலிகள், 15 ஆடுகள். இங்கே கட்டை இல்லை. ஒவ்வொரு நகர்த்தலும் ஒருவருடைய தீர்மானம். கணினியே புலியாக ஆட வேண்டுமாயின், எந்த ஆட்டைத் தாண்டலாம், தாண்டினால் மற்ற ஆடுகள் எவ்வாறு வளைத்துக்கொள்ளும் என்று அதற்கு நீங்கள் கற்பிக்க வேண்டும். புலி முதலில் மடத்தனமாகவே ஆடும். பத்து முறை திருத்தி எழுதிய பின்னரும் பதினோராம் முறைக்கு உங்கள் கை தானாகப் போகிறதா என்று பாருங்கள். அந்தப் பெண் இப்பொழுது புலிக்குத்தான் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பமும் அனுப்பியிருக்கிறாள்.