பன்னிரண்டு தீக்குச்சிகள்



வீட்டில் ஏழெட்டு வயதில் பிள்ளை இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். அட்டையில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். "சதுரம்" என்று பட்டென்று பதில் வரும். அதே அட்டையைத் திருப்பி, ஒரு மூலை கீழே வரும்படி பிடித்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். "டைமண்ட்" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. கண்ணெதிரே திருப்பினாலும் அப்படித்தான். தலைகீழாக நிற்கும் முக்கோணத்தை முக்கோணம் என்றே ஒப்புக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு.

இதற்காகப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. நெதர்லாந்தில் ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீல, டீனா வான் ஹீல என்ற தம்பதி இந்த விஷயத்தை ஆராய்ந்து, 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தனித்தனியே ஆய்வேடு அளித்தார்கள். ஊருக்கு வந்த மாமாவை முகத்தை வைத்து அடையாளம் காண்பதுபோலத்தான் குழந்தை முதலில் வடிவத்தைக் காண்கிறது. நான்கு பக்கமும் சமம், நான்கு மூலையும் செங்கோணம் என்று குணம் குணமாகப் பார்ப்பது அதற்கு அடுத்த படி. வயது ஏறினால் மட்டும் அந்தப் படி ஏறிவிட முடியாது, எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார்கள் அவர்கள். நாமோ கரும்பலகையில் முக்கோணத்தை எப்போதும் சப்பணம் போட்டு உட்கார வைத்தே வரைகிறோம்.

சரி, வேறு எப்படிக் கற்றுக்கொடுப்பது? மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 பள்ளிகளில் 1972இல் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சில ஆண்டுகள் கழித்து வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போனார். அவர் கையில் எடுத்தது தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும். கறுப்பாக, மெல்லிசாக இருக்குமே, அந்த ரப்பர் டியூப்தான். அதைச் சிறு துண்டாக நறுக்கி, மருந்தைச் சுரண்டி எடுத்த இரண்டு குச்சிகளை இரண்டு பக்கமும் செருகினால் ஒரு மூட்டு தயார். மடக்கினால் குறுங்கோணம், விரித்தால் விரிகோணம். கோணம் என்பது குச்சியின் நீளம் அல்ல, விரிப்பின் அளவு என்பதைக் கை தானே தெரிந்துகொள்கிறது.

மூன்று குச்சி, மூன்று துண்டு டியூப். முக்கோணம் வந்துவிட்டது. அதை நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அசையாது. அடுத்து நான்கு குச்சியில் சதுரம். விரலால் லேசாகத் தள்ளினாலே சாய்சதுரமாகச் சரிந்துவிடும். பக்கங்கள் நான்கும் சமமாகவே இருக்கின்றன. மூலைகள் மட்டும் செங்கோணமாக இல்லை. சதுரத்துக்கும் சாய்சதுரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது என்பது என் எண்ணம். சரியாமல் நிறுத்த என்ன வழி? மூலைக்கு மூலை ஒரு நீளக் குச்சியைக் குறுக்கே வைத்தால் போதும், இரண்டு முக்கோணம் ஆகிவிடும், நின்றுவிடும். உயர் அழுத்த மின்கோபுரத்தில் அத்தனை இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் போவதன் காரணமும் இதுதான்.

இனி அளவு. ஸ்கேலில் 3 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து 9 வரை ஒரு பென்சிலை வைத்து, நீளம் கேளுங்கள். முனை எங்கே முடிகிறதோ அந்த எண்ணைப் படித்து 9 என்பார்கள் சிலர். சிலர் கோடுகளை எண்ணி 7 என்பார்கள். எண்ண வேண்டியது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, விடை 6. ஸ்கேலை அவசரப்பட்டுக் கையில் கொடுப்பதால் வரும் வினை இது. அதற்கு முன்னால் பெஞ்சின் நீளத்தைத் தீக்குச்சியை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி அளந்த பிள்ளைக்கு, எண்ண வேண்டியது எது என்று சொல்லித்தர வேண்டியிருக்காது.

சுற்றளவும் பரப்பளவும் குழம்பாத மாணவர் அபூர்வம். இதற்கும் குச்சிதான் மருந்து. பன்னிரண்டு குச்சிகளை வைத்து, நீளம் 5, அகலம் 1 என்று செவ்வகம் அமைத்தால் உள்ளே ஒரு குச்சி பக்கமுள்ள 5 சதுரம் அடங்கும். 4க்கு 2 என்றால் 8. 3க்கு 3 என்றால் 9. குச்சி அதே பன்னிரண்டு, சுற்றளவில் மாற்றமே இல்லை, உள்ளே இருக்கும் இடம் மட்டும் கூடுகிறது. வேலி அதே நீளம், தோட்டம் பெரிதாகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். எண்ணிப் பார்க்கட்டும்.

அதே பன்னிரண்டை 3, 4, 5 என்று மூன்று பக்கமாகப் பிரித்தால் செங்கோண முக்கோணம். வீட்டுக்கு நூல் கட்டும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 வருகிறதா என்று அளப்பது இதே கணக்குதான். இந்த முக்கோணத்தின் பரப்பு 6 சதுரம்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பழைய புதிர். பன்னிரண்டு குச்சிகளையும் முழுதாகப் பயன்படுத்தி, சரியாக 4 சதுரம் பரப்புள்ள ஒரு மூடிய உருவம் அமைக்க வேண்டும். குச்சியை உடைக்கக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று வைக்கக் கூடாது. திணறினால், அந்த 3, 4, 5 முக்கோணத்தில் தொடங்கி, அதன் செங்கோண மூலையை உள்பக்கமாக மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.